அவசரத்தில் துடைத்த சாயம்



தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே நம் தோட்டப்புறங்களிலும் தாமான் வீடுகளிலும் சாயம் அடிக்கும் வேலை தொடங்கிவிடும். முறுக்கு சுடும் வாசனை வருவதற்கு முன்னால் சாய வாசனை வந்துவிடும். அந்த நாட்களில் வாசலில் நிற்கும் காடிகளைச் சற்று உற்றுப் பாருங்கள். பானட்டிலோ கூரையிலோ கடுகு வெடித்துத் தெறித்ததுபோலச் சிறு சிறு வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அது வீட்டுச் சுவருக்கு அடித்த சாயம். ரோலரிலிருந்து தெறித்து, காற்றில் வந்து ஒட்டிக்கொண்டது.

"இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். அந்தப் புள்ளிகளை எடுக்கப் போய், என் காடியையும் கெடுத்துக்கொண்டு, ஒரு நல்ல மனிதர் முன்னால் தலைகுனிந்து நின்ற சங்கதியைச் சொல்லுகிறேன். படித்துவிட்டு உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் நெகிரி செம்பிலானில், போர்ட்டிக்சன் மாவட்டத்தில் உள்ள புக்கிட் பெலண்டோக். நான் சிறுவனாக இருந்தபோது சுற்றிலும் பால்மரம். இப்போது பெரும்பாலும் செம்பனை. லயத்தை விட்டு வந்த எங்களைப் போன்ற குடும்பங்கள் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள் என்பதால் நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

என்னிடம் ஒரு பழைய புரோட்டோன் சாகா இருந்தது. 1985 ஜூலையில் சாகா முதன்முதல் வெளிவந்தபோது, நம் நாட்டுக் காடி என்று எத்தனை பேர் நின்று பார்த்தோம்! அன்றைக்கு வாங்க வசதியில்லை. பல ஆண்டுகள் கழித்து, இரண்டு கை மாறி வந்த ஒன்றை வாங்கினேன். கருஞ்சிவப்பு நிறம். முன்னால் வைத்திருந்தவர் பட்டறையில் கொடுத்துப் புதுச் சாயம் அடித்திருந்தார். ஞாயிறுதோறும் நானே கழுவித் துடைப்பேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில், என் தங்கை மகளுக்குச் சிரம்பானில் திருமணம். "மாமா, நான் உங்கள் காடியில்தான் மண்டபத்துக்குப் போவேன்" என்று அந்தப் பிள்ளை ஆசையாகச் சொல்லியிருந்தது. திருமணம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து மோட்டாரில் வீடு வந்தால், காடியின் இடப்பக்கம் முழுவதும் வெள்ளைப் புள்ளிகள். பானட்டில் மட்டும் ஐம்பது அறுபது இருக்கும். கதவில் நான்கைந்து நீலச் சொட்டுகள் வேறு. பக்கத்து வீட்டு அண்ணன் மகன் பகலெல்லாம் வெளிச்சுவருக்கு வெள்ளையும் சன்னல் கம்பிக்கு நீலமும் அடித்திருக்கிறான். நல்ல காற்று. வெயிலில் எல்லாம் காய்ந்து இறுகிவிட்டன.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. வேலியோரம் நின்று கத்தினேன். அண்ணன் வெளியே ஓடிவந்தார்.

"தம்பி, பையன் கவனிக்காம செஞ்சுட்டான். நாளைக்கு விடியட்டும். நானே வந்து ஒண்ணொண்ணா எடுத்துத் தாரேன்" என்றார்.

"நாளைக்கு எடுத்து எப்போ காயும்? நாளான்னைக்குக் கல்யாணம்! உங்க வேலைய நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பெரியவர்கள் சொன்னது என்னைப் பார்த்துத்தான் போலும்.

வீட்டில் இரும்புக் கதவுக்குச் சாயம் அடித்தபோது மிஞ்சிய தின்னர் அரை டின் இருந்தது. சாயத்தைக் கரைப்பதற்குத்தானே தின்னர், இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். பழைய பனியனை அதில் நனைத்துப் பானட்டில் அழுத்தித் தேய்த்தேன். வெள்ளைப் புள்ளிகள் மாயமாய் மறைந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் இரண்டு தேய்ப்புத் தேய்த்துவிட்டுத் துணியைத் திருப்பிப் பார்த்தேன். துணி முழுவதும் சிவப்பு!

விளக்கைப் பிடித்துப் பார்த்தால், தட்டு அளவு இடத்தில் பளபளப்பே இல்லை. நிறம் வழித்தெடுத்ததுபோல மங்கி, நடுவில் அடிச்சாயத்தின் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. நெஞ்சு பகீரென்றது.

இங்கேதான், வாசகர்களே, நான் செய்யக் கூடாததைச் செய்தேன். தின்னர் டின்னை எடுத்துக் கொட்டகையில் வைத்துவிட்டு, அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன். "உங்க வீட்டுச் சாயம் என் காடியைத் தின்னுடுச்சு, வந்து பாருங்க" என்றேன். அவர் டார்ச் லைட்டோடு வந்து பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குள் போய் முந்நூறு வெள்ளியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "பட்டறையில குடுத்துச் சரி பண்ணிக்க தம்பி. பத்தலன்னா சொல்லு" என்றார். நான் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை லுக்குட் பக்கம் ஒரு பட்டறைக்குக் காடியை ஓட்டிப் போனேன். காடிகளுக்குச் சாயம் அடித்தே தலை நரைத்த ஒரு சீனப் பெரியவர் அங்கே இருந்தார். பானட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கதவில் மிச்சமிருந்த ஒரு வெள்ளைப் புள்ளியில் ஈரத்துணியை வைத்து, என்னோடு பேசிக்கொண்டே காத்திருந்தார். சற்று நேரம் கழித்துத் துணியை எடுத்துவிட்டு நகத்தால் தள்ளினார். அந்தப் புள்ளி மீன் செதில்போல முழுதாகக் கழன்று வந்தது. அடியில் என் காடியின் சிவப்பு அப்படியே பளபளவென்று இருந்தது.

அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் சொல்லுகிறேன்: "இது வெளியிலிருந்து வந்த கறை. இதனால் உன் காடிக்கு ஒன்றும் ஆகவில்லை. பானட்டில் இருப்பது கறை இல்லை. அது தின்னர் போட்டுத் தேய்த்த காயம். யார் தேய்த்தது?"

எனக்குப் பதில் வரவில்லை. பையில் இருந்த முந்நூறு வெள்ளி நெருப்பாய்ச் சுட்டது.

அவரிடம் அன்று தெரிந்துகொண்டதையும், பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். நம் மக்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமே இல்லை. பால் வெட்டியவர்களின் கையையும் சட்டையையும் பார்த்தவர்கள்தானே நாம்? மங்கில் இருக்கும்போது பால் தண்ணீர்போல ஓடுகிறது. கையில் பட்டுக் காய்ந்தால் தோல்போல ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் காற்றோடு போய்விட, பாலில் மிதந்த நுண்ணிய துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடுவதே காரணம். சுவருக்கு அடிக்கும் தண்ணீர்ச் சாயமும் இதே விதமாகத்தான் காய்கிறது. என் அம்மா வேலை முடிந்து வந்து கையில் காய்ந்த பாலைச் சுரண்ட மாட்டார். ஊறவைத்து ஓரத்திலிருந்து உரிப்பார். காடியில் விழுந்த சாயத்துக்கும் அதுதான் வழி. நான் அம்மாவைப் பார்த்தும் கற்றுக்கொள்ளவில்லை.

இரண்டாவது சங்கதி, காடியின் சொந்தச் சாயம் எவ்வளவு மெல்லியது என்பது. எல்லாப் பூச்சுகளையும் சேர்த்தாலே ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். இக்காலத்துக் காடிகளில் நிறத்துக்கு மேலே நிறமற்ற ஒரு பூச்சு இருக்கிறது. பளபளப்பெல்லாம் அதில்தான். அதன் கனம் சுமார் 40 மைக்ரான். நம் தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. தொழிற்சாலையில் அடித்த சாயத்தைச் சுமார் 140 டிகிரி சூட்டில் வேகவைத்து இறுக்குகிறார்கள். அது ஓரளவு தாங்கும். என் காடியைப்போலப் பட்டறையில் மறுபடி அடித்த சாயத்தில் சில வகை, எத்தனை ஆண்டு ஆனாலும் தின்னர் பட்டால் கரைந்துவிடும். தின்னருக்கு வீட்டுச் சாயம் எது, காடிச் சாயம் எது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்துத்தான் கரைக்கும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "99இல நம்மள யாரு காடியில ஏத்திக்கிட்டுப் போனாங்க, மறந்துட்டீங்களா?"

புக்கிட் பெலண்டோக் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அந்த ஆண்டுதான் நினைவுக்கு வரும். 1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்தில் தொடங்கிய காய்ச்சல், 1999 தொடக்கத்தில் எங்கள் பக்கம் வந்தது. முதலில் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். பிறகுதான் பன்றிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் புதிய கிருமி என்று தெரிந்தது. பக்கத்துக் கிராமமான சுங்கை நீப்பாவின் பெயரையே அந்தக் கிருமிக்கு வைத்தார்கள். நாட்டில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. மார்ச் மாதத்தில் சனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரை விட்டு ஓடினார்கள்.

அன்று எங்களிடம் காடி கிடையாது. அண்ணன் தம் பழைய டட்சனில் முதலில் என் அம்மாவையும் மனைவியையும் கைக்குழந்தையையும் சிரம்பானில் உறவினர் வீட்டில் கொண்டுபோய் விட்டார். பிறகு திரும்பி வந்து என்னையும் எங்கள் டிரங்குப் பெட்டியையும் ஏற்றினார். பெட்டியைக் கூரையில் கட்டிப் போனதில் சாயம் நீளமாகக் கீறிக்கொண்டது. அந்தக் காடியை விற்கும் வரையில் அந்தக் கீறல் இருந்தது. அதைப் பற்றி அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

அன்று மாலையே போனேன். முந்நூறு வெள்ளியை மேசையில் வைத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அண்ணியின் முகம் மாறியது. அது பையனின் தீபாவளித் துணிக்கு எடுத்து வைத்திருந்த பணம் என்று பிறகுதான் தெரிந்தது. அண்ணன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "தின்னர் வாசன எனக்கு அப்பவே அடிச்சிச்சு தம்பி. நீ சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார். அவ்வளவுதான். பிறகு தம் மைவியின் சாவியை எடுத்து நீட்டினார். "நாளைக்குப் பொண்ணை இதுல கூட்டிக்கிட்டுப் போ."

அடுத்த வாரம் அவரும் அவர் மகனும் நானுமாக உட்கார்ந்து மிச்சமிருந்த புள்ளிகளை எல்லாம் எடுத்தோம். எப்படி என்று வரிசையாகச் சொல்லுகிறேன், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காடியை நிழலில் நிறுத்துங்கள். பானட் கையில் சுடாத அளவுக்கு ஆறட்டும். தண்ணீர் பீய்ச்சி மண் தூசியைப் போக்கிச் சோப்பு நீரில் கழுவுங்கள். தூசியோடு தேய்த்தால் அந்த மண்ணே கீறிவிடும்.

அடுத்து, விழுந்தது எந்தச் சாயம் என்று தெரிந்துகொள்ளுங்கள். அடித்தவரைக் கேட்டால் போதும். கேட்க வழியில்லையென்றால், ஊசி போடுவதற்கு முன் கையில் துடைப்பார்களே, அந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒரு புள்ளியில் வையுங்கள். இளகி வந்தால் அது தண்ணீர்ச் சாயம். அசையவில்லையென்றால் பெரும்பாலும் எண்ணெய்ச் சாயம். எதைப் பூசுவதானாலும் முதலில் கதவைத் திறந்து, உட்புறத்தில் கண்ணில் படாத மூலையில் வெள்ளைத் துணியால் தொட்டுப் பாருங்கள். துணியில் காடியின் நிறம் ஏறினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

தண்ணீர்ச் சாயத்துக்கு வெதுவெதுப்பான சோப்பு நீரில் நனைத்த துணியைப் புள்ளிகளின் மேல் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டு வையுங்கள். காய விடாதீர்கள். பிறகு நகத்தில் மெல்லிய துணியைச் சுற்றி ஓரத்திலிருந்து தள்ளுங்கள். பழைய பிளாஸ்டிக் அட்டையின் முனையும் உதவும். வராத புள்ளிக்கு மறுபடி ஊறல். பிடிவாதமானவற்றுக்கு மட்டும் அந்த ஸ்பிரிட்டைச் சில விநாடி ஒற்றி, உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

தூறல்போல விழுந்து, கையால் தடவினால் சொரசொரப்பு மட்டும் தெரிகிறதா? காடிச் சாமான் கடைகளில் இதற்கென்றே ஒரு களிமண் கட்டி விற்கிறார்கள். ஒரு துண்டைத் தட்டையாக்கி, சோப்பு நீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் முன்னும் பின்னும் வழுக்கிவிடுங்கள். புள்ளிகள் களிமண்ணில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அடிக்கடி மடித்துச் சுத்தமான பக்கத்தைக் காட்டுங்கள். அது கீழே விழுந்து மண் ஒட்டினால் காசைப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.

நீலச் சொட்டுகள் எண்ணெய்ச் சாயம். அவற்றுக்குச் சுத்தமான மண்ணெண்ணெயை மெல்லிய துணியில் தொட்டு, ஒரு நேரத்தில் ஒரு சொட்டின் மேல் மட்டும் அரை நிமிடம் வைத்து மெதுவாகத் துடைத்தோம். உடனே சோப்பு நீரால் கழுவினோம். இரண்டு மூன்று தடவையில் இளகி வந்துவிட்டன. ரப்பர் ஓரங்களிலும் டயரிலும் மண்ணெண்ணெய் படக்கூடாது. பக்கத்தில் சாமி விளக்கோ சிகரெட்டோ வேண்டாம். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள். மிச்சத்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடும்.

கோயில் சுவரிலும் பழைய லயத்திலும் அடிக்கும் சுண்ணாம்பு தெறித்திருந்தால் கதை வேறு. சுண்ணாம்பு காரம், கிடக்கக் கிடக்கச் சாயத்தை அரிக்கும். ஈரமாக இருக்கும்போதே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். காய்ந்துவிட்டால் சமையல் வினிகரில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து ஒற்றுங்கள், நுரைத்துக் கரையும். பிறகு தண்ணீரால் நன்றாக அலசுங்கள்.

எல்லாம் முடிந்தபின் பாலிஷ் கொஞ்சம், அதன் மேல் மெழுகு. பழைய பளபளப்பு வந்துவிடும்.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். தின்னர் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், நகச்சாயம் அழிக்கும் மருந்து வேண்டாம். தேங்காய் நார், இரும்புக் கம்பி நார், மணல்தாள் எதையும் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். சவரத் தகடு கண்ணாடிக்கு மட்டும், அதுவும் சோப்பு நீர் போட்டுப் படுக்கைவாட்டில். தகரத்தில் வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு பாடும் தேவையில்லாமல் போக ஒரு வழி உண்டு. சாயம் அடிப்பதற்கு முதல்நாள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "நாளைக்குச் சாயம் அடிக்கிறோம், காடியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தள்ளிப் போட இடமில்லையென்றால் பழைய படுக்கை விரிப்பால் மூடிவிடுங்கள். மீறித் தெறித்துவிட்டாலும், காயாத தண்ணீர்ச் சாயத்துக்கு ஒரு வாளித் தண்ணீரே போதும்.

அன்று அண்ணன் சொன்னபடி விடியும்வரை நான் பொறுத்திருந்தால், சனிக்கிழமை பகலுக்குள் அத்தனை புள்ளியும் போயிருக்கும். தங்கை மகளும் ஆசைப்பட்டபடி என் காடியிலேயே மண்டபத்துக்குப் போயிருப்பாள். பானட்டுக்கு மறுபடி சாயம் அடிக்க என் கையிலிருந்து நானூறு வெள்ளி போயிருக்காது. அண்ணன் வீட்டிலிருந்து தெறித்து விழுந்ததில் ஒரு புள்ளிகூட இன்று என் காடியில் இல்லை. நின்றதெல்லாம் என் கையால் வந்தது.

இந்தத் தீபாவளிக்கு உங்கள் வாசலிலும் யாராவது ஒரு பிள்ளை சாயத்தைச் சிந்திவிடக்கூடும். கத்துவதற்கு முன்னால் ஒரு துணியை நனைத்து அந்தப் புள்ளியின் மேல் போடுங்கள். பதினைந்து நிமிடம் ஊறட்டும். அதற்குள் உங்கள் கோபமும் கொஞ்சம் இளகிவிடும்.